கூரை இடிந்தது, கதை முடிந்தது

ஒரு கேம் மொக்கையாக இருந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு, அழித்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கலாம். நஷ்டம் கொடுத்த காசோடு போயிற்று. உண்மையான கடுப்பைக் கிளப்புவது வேறு வகை. முதல் காட்சியிலேயே பிடித்துப் போய், முப்பது நாற்பது மணி நேரம் கூடவே உட்கார வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் "அவ்வளவுதான், கிளம்பு" என்று வாசலைக் காட்டுகிற கேம்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியது நெவர்விண்டர் நைட்ஸ் 2.

(எச்சரிக்கை: முழுக் கதையும், முக்கியமாகக் கிளைமாக்ஸும், கீழே போட்டு உடைக்கப்படுகிறது. விளையாடும் உத்தேசம் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, முடித்துவிட்டு வந்து படிக்கவும். கேம் எங்கேயும் ஓடிவிடாது.)

கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். முதல் நெவர்விண்டர் நைட்ஸ் 2002-ல் பயோவேர் நிறுவனம் செய்தது. இரண்டாம் பாகத்தைச் செய்தது அப்சிடியன். 2006 அக்டோபர் கடைசியில் அடாரி வெளியிட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற காகித விளையாட்டின் விதிகளை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த கேம். வாள், மந்திரம், பூதம், குள்ளர், எல்ஃப் எல்லாம் உண்டு. அப்சிடியனை 2003-ல் தொடங்கியவர்கள் பிளாக் ஐல் என்ற பழைய நிறுவனத்தில் இருந்து வந்தவர்கள். கதை சொல்வதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அதனால்தான் இந்த முடிவு இன்னும் உறுத்துகிறது. தெரியாதவர் செய்தால் மன்னித்துவிடலாம். தெரிந்தவர் செய்தால்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவது நியாயம். நல்லது நிறையவே இருக்கிறது.

கதை வெஸ்ட் ஹார்பர் என்ற சின்னக் கிராமத்தில் ஆரம்பிக்கிறது. சதுப்பு நிலத்துக்கு நடுவில் ஒரு ஊர். அன்றைக்கு அறுவடைத் திருவிழா. வில் போட்டி, அடிதடிப் போட்டி என்று ஏதேதோ நடக்கிறது. ஹீரோவுக்கு இரண்டு சிநேகிதர்கள்: பெவில், ஏமி. போட்டிகளில் ஜெயித்துவிட்டுத் தூங்கப் போனால், நடுராத்திரியில் ஊரைத் தாக்குகிறார்கள். ஏமி செத்துப் போகிறாள். கேம் ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வளர்ப்பு அப்பா டேகன், தான் மறைத்து வைத்த ஒரு வெள்ளித் துண்டை எடுத்துவரச் சொல்லி, அதோடு நெவர்விண்டர் நகரத்துக்குப் போகச் சொல்கிறார். அந்த ஆள் பாசத்தை வெளியே காட்டுகிற ரகம் இல்லை. நாலு வார்த்தை பேசுகிறார், அதுவும் அளந்து. ஆனால் அந்த நாலு வார்த்தையிலேயே ஒரு முழு மனிதன் தெரிகிறான்.

வழியில் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். கெல்கர் என்ற குள்ளன், எங்கே சண்டை என்றாலும் முதல் ஆள். துறவிகள் நன்றாக அடிக்கிறார்கள் என்பதற்காகவே துறவியாக வேண்டும் என்று கிளம்பியவன்! கோயிலில் கேட்டால், "முதலில் ஏன் அடிக்கிறாய் என்று யோசித்துவிட்டு வா" என்கிற மாதிரி சோதனைகள் வைக்கிறார்கள். பிறப்பிலேயே கொஞ்சம் பிசாசு ரத்தம் கலந்த திருடி நீஷ்கா. வாயைத் திறந்தால் மூடாத பாடகன் க்ரோப்னர். கடமை கடமை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் காசவிர். தன் மந்திர சக்தியைப் பார்த்துத் தானே மயங்கும் காரா. அவளைச் சகிக்க முடியாத, படித்த, நக்கல் பேர்வழி சாண்ட். காட்டையும் ஹீரோவையும் தூரத்தில் இருந்து கவனித்துக்கொண்டிருந்த எலனி. யாரையும் நம்பாத, யாரும் நம்பக்கூடாத பிஷப்.

ஒவ்வொருவருக்கும் ஹீரோ மேல் எவ்வளவு மதிப்பு என்று கேம் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவர் முகம் சுளிப்பார். காராவுக்கும் சாண்டுக்கும் சண்டை வந்தால் ஏதாவது ஒரு பக்கம் பேசியாக வேண்டும். பேசாமல் நழுவினால் அதற்கும் ஒரு கணக்கு.

இரண்டாம் பாகத்தில் கேம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. செய்யாத படுகொலைக்காக ஹீரோ மேல் வழக்கு வருகிறது. ஊர் ஊராகப் போய் சாட்சி தேடி, ஆதாரம் சேர்த்து, நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். ரோல்-பிளேயிங் கேம்களில் வாளைத் தொடாமல் இவ்வளவு நேரம் பதற்றமாக இருக்க வைத்த காட்சிகள் மிகக் குறைவு. அதற்குப் பிறகு ஒரு பாழடைந்த கோட்டையைக் கொடுத்து, "இனி இது உன் பொறுப்பு" என்கிறார்கள்.

க்ராஸ்ரோட் கீப். காமர்ஸ் படிக்கிற பையன்கள் சொக்கிப் போகிற இடம் இதுதான் :-) வரி எவ்வளவு, வியாபாரிகள் வருகிறார்களா, சாலையில் கொள்ளைக்காரர் தொல்லை இருக்கிறதா, ரோந்துக்கு எத்தனை பேர், சுவரை முதலில் கட்டுவதா சாலையை முதலில் போடுவதா... கானா என்ற உதவியாளர் வந்து நிலவரம் சொல்வார். வீடில் என்ற மேஸ்திரி வந்து செலவுக் கணக்கு சொல்வார். கையில் இருக்கும் தங்கத்தை ஒரு நல்ல வாளுக்குக் கொடுப்பதா, கோட்டைச் சுவருக்குக் கொடுப்பதா என்று நிஜமாகவே யோசிக்க வேண்டியிருக்கும். குகைகளில் சுற்றும்போது தாதுப்படிவம் கண்ணில் பட்டால், அதைக் கொல்லரிடம் சொல்லி வீரர்களுக்கு நல்ல ஆயுதமும் கவசமும் செய்து கொடுக்கலாம். வெஸ்ட் ஹார்பரில் பிரிந்த பெவில்கூடத் திரும்பி வந்து இங்கே வேலைக்குச் சேரலாம். மூன்றாம் பாகத்தில் எதிரிப் படை கோட்டையை முற்றுகையிடும்போது, அதுவரை போட்ட ஒவ்வொரு காசும் சுவரில் நிற்கிறது. கஞ்சத்தனம் செய்தவன் அன்றைக்குப் படுகிறான்.

ஆக, இந்த கேம் விளையாடுபவருக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறது: செய்வதெல்லாம் எங்கோ பதிவாகிறது. இன்றைக்குப் போட்டது என்றைக்காவது வரவாகும், இல்லாவிட்டால் செலவாகும். இந்தப் பேரேடுதான் கேமின் உயிர்.

இனி கிளைமாக்ஸ்.

வில்லன் பெயர் நிழல்களின் அரசன். ஒரு பழைய பேரரசைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே கொடுத்துக் காவலனாக மாறிய மனிதன். காக்க வேண்டிய நாடு அழிந்து ஆயிரமாயிரம் வருடம் ஆன பிறகும், காவலை மட்டும் விடாத ஒரு பயங்கரம். அருமையான வில்லன். அவனுடைய கோட்டைக்குள் எல்லோரும் நுழைகிறார்கள். அவனுடைய அடியாள் கேரியஸ், ஹீரோவின் ஆட்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். இங்கேதான் அந்தப் பேரேட்டைத் திறக்கிறார்கள். நீஷ்காவை மதிப்பாக நடத்தியிருந்தால் அவள் உறுதியாக நிற்பாள். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம். காரா, சாண்ட் இருவரில் யாரை ஓரம் கட்டியிருந்தோ அவர் கட்சி மாறுவார். முற்றுகையின்போது கழுத்தறுத்துவிட்டுப் போன பிஷப்பிடம்கூட, பழைய பழக்கம் போதுமானதாக இருந்தால், பேசிப் பார்க்க முடியும். நாற்பது மணி நேரத்துக் கணக்கு ஒரே அறையில் தீர்கிறது. அபாரமான காட்சி.

அதற்குப் பிறகு நிழல்களின் அரசனோடு பல கட்டமாக நீளும் பெரிய சண்டை. விழுகிறான். கட்டடம் ஆடுகிறது. கூரை இடிகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். பாறைகள் விழுகின்றன.

திரை இருட்டு. அசையாத சில படங்கள். ஒரு குரல். நிழல் ஒழிந்தது, நாடு பிழைத்தது, உள்ளே போன வீரர்கள் திரும்பி வரவில்லை. பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது.

அவ்வளவுதான்!

கெல்கர் என்ன ஆனான்? தெரியாது. காசவிரையோ எலனியையோ காதலித்து, முற்றுகைக்கு முந்தைய இரவில் மனதைத் திறந்து பேசியவர்களுக்கு? ஒன்றுமில்லை. டேகனுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? சொல்லவில்லை. ஒரு மனிதரைக் காதலித்தவருக்கும், அதே மனிதரைக் கடைசிவரை வெறுத்தவருக்கும் விழுவது ஒரே பாறை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கடைசி நேரத்தில் ஹீரோ நிழல்களின் அரசனோடு சேர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கூட வந்தவர்களையே கொன்றுவிட்டு, இருட்டுக்குச் சேவகம் செய்யலாம். அப்படிச் செய்தவனுக்காவது "இதைச் செய்தாய், இது நடந்தது" என்று ஒரு தொடர்ச்சி கிடைக்கிறது. நல்லவனாக இருந்தவனுக்குக் கல்லும் மண்ணும்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. கதையை நடத்துகிறவருக்கு ஆட்டம் அலுத்துவிட்டால், அல்லது ஆடுகிறவர்கள் மேல் கோபம் வந்துவிட்டால், "பாறை விழுந்தது, எல்லோரும் செத்தார்கள்" என்று சொல்லி எழுந்துவிடுவார் என்பது அந்த ஜோக். அதே விளையாட்டின் விதிகளை வைத்துச் செய்த கேம், அதே ஜோக்கைச் சீரியஸாகச் செய்துவிட்டது. இந்த முடிவைக் கிண்டல் செய்கிறவர்கள் எல்லோரும் அந்த வரியையே பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். "ஹீரோ செத்தால் உங்களுக்குப் பிடிக்காது, எல்லாம் சுபமாக முடிய வேண்டும், அதுதானே?" இல்லை. சாவைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. சாவை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது இந்த கேமுக்கே நன்றாகத் தெரியும், அதை இந்த கேமை வைத்தே நிரூபிக்கலாம்.

ஷாண்ட்ரா என்று ஒரு பெண். தன் பாட்டுக்கு விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுடைய தாத்தா அம்மோன் ஜெர்ரோ என்ற மந்திரவாதி மறைத்து வைத்த இடத்தை அவள் ரத்தம்தான் திறக்கும் என்பதால் இந்தக் கதைக்குள் இழுக்கப்படுகிறாள். கத்தி பிடிக்கத் தெரியாதவள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு கூடவே வருகிறாள். கடைசியில் அந்தத் தாத்தா கையாலேயே, யார் என்று அவருக்குத் தெரியாமலேயே, செத்துப் போகிறாள். பிறகு அவர் உண்மையை அறிந்து, தலை குனிந்து, ஹீரோவோடு சேர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது. அவளைக் கொன்ற ஆளோடு ஒரே முகாமில் இருக்க வேண்டிய நிலை மற்றவர்களுக்கு. அந்தச் சாவுக்குக் காரணம் இருந்தது, பின்விளைவு இருந்தது, துக்கப்பட நேரம் இருந்தது.

வெஸ்ட் ஹார்பரும் அப்படித்தான். திருவிழா நடந்த அதே ஊருக்குக் கதையின் கடைசிப் பகுதியில் திரும்பிப் போனால், ஊரே இல்லை. போட்டி நடந்த இடம் தெரிகிறது, போட்டி போட்டவர்கள் இல்லை. யாரும் வசனம் பேசி விளக்க வேண்டிய தேவையே இல்லாத காட்சி.

இதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் கடைசியில் கூரையை இடித்தார்கள்.

வேறொரு கேமை எடுத்துப் பார்த்தாலும் இதுதான் தெரியும். 2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். அதிலும் ஹீரோ கடைசியில் சாகலாம். ஆனால் சாக வேண்டியிருக்கும் என்று முதல்நாள் இரவே சொல்லிவிடுகிறார்கள், ஏன் என்றும் சொல்கிறார்கள். தப்பிக்க ஒரு வழியும் வருகிறது, அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. சாவதா, இன்னொருவரைச் சாக விடுவதா, அந்த விலையைக் கொடுப்பதா என்று முடிவு செய்கிறவர் விளையாடுபவர். செத்தால் இறுதிச் சடங்கு நடக்கிறது. கூட இருந்தவர்கள் வந்து நிற்கிறார்கள். பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்று வரி வரியாகச் சொல்கிறார்கள். அங்கே செத்துப்போன ஹீரோவுக்காக யாரும் கம்பெனியைத் திட்டவில்லை. தாங்களே எடுத்த முடிவு என்பதால் அழுதுவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? திறமை இல்லாததால் இருக்க முடியாது. இதில் ஒரு எளிய வியாபாரக் கணக்கு இருக்கிறது.

கேம் தயாரிப்பில் பணமும் நாளும் கடைசியில்தான் தீரும். கதையின் கடைசிப் பகுதி பெரும்பாலும் கடைசியில்தான் முழு வடிவத்துக்கு வரும். வெளியீட்டுத் தேதி முன்பே முடிவாகியிருக்கும், தீபாவளிக்கு நம்மூர்ப் படம் மாதிரி, அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னால் கடைக்குப் போயாக வேண்டும். எங்கே வெட்டுவது? ஆரம்பத்தை வெட்ட முடியாது. வாங்குகிற எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். முடிவை வெட்டலாம், அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. ஸ்டீம் தளத்தில் நீளமான ரோல்-பிளேயிங் கேம்களின் சாதனைப் பட்டியலைப் புரட்டினால் இது பளிச்சென்று தெரியும். முதல் அத்தியாயத்தைத் தாண்டியவர்கள் ஏராளம், கடைசி வில்லனை அடித்தவர்கள் பெரும்பாலான கேம்களில் பாதிகூடத் தேறமாட்டார்கள். ஒரு ரூபாய் செலவுக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டால், முடிவுக் காட்சிதான் இருப்பதிலேயே நஷ்டமான முதலீடு.

அப்சிடியனுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. அவர்களுடைய முதல் கேமான ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2, 2004 டிசம்பரில் கடைசிப் பகுதி அரைகுறையாகவே வெளிவந்தது. வெட்டப்பட்ட காட்சிகளை ரசிகர்களே பல வருடம் உட்கார்ந்து தைத்துச் சேர்த்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கடைசிவரை வருகிற அந்தக் குறைந்த பேர் யார்? கெல்கருக்குத் துறவியாகப் பாதை காட்டியவர்கள், சுவர் கட்டத் தங்கம் ஒதுக்கியவர்கள். அடுத்த கேம் அறிவித்தால் முதல் நாளே வாங்குகிறவர்களும், நாலு பேரிடம் வாங்கச் சொல்கிறவர்களும் அவர்கள்தான். கணக்குப் பதிவியலில் நற்பெயர் என்பதையும் சொத்தாகத்தான் எழுதுவார்கள். ஒரு கம்பெனி தன்னுடைய மிக நல்ல வாடிக்கையாளரைக் கடைசியாகச் சந்திக்கிற இடம் முடிவுக் காட்சி. அங்கே வந்தா கஞ்சத்தனம்?

அதுவும் எவ்வளவு சின்னச் செலவு! பிரமாண்ட அனிமேஷன் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தோழருக்கும் ஒரு படம், இரண்டு பத்தி எழுத்து. போதும். 1997-ல் வந்த ஃபால்அவுட் ஒவ்வொரு ஊரும் என்ன ஆனது என்று படமும் குரலுமாகச் சொன்னது. அதைச் செய்தது பிளாக் ஐல் ஆட்கள் இருந்த அதே இன்டர்பிளே நிறுவனம். 2001-ல் பால்டர்ஸ் கேட் 2-ன் விரிவாக்கமான த்ரோன் ஆஃப் பால், கூட வந்த ஒவ்வொருவரின் பிற்கால வாழ்க்கையையும் வெறும் எழுத்திலேயே சொல்லி முடித்தது. கோட்டைச் சுவருக்கே வரவு செலவு எழுதத் தெரிந்த கேமுக்கு, மனிதர்களுக்கு நாலு வரி எழுத இடமில்லையா?

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2007-ல் மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர் என்ற விரிவாக்கம் வந்தது. அந்த இடிபாட்டுக்குப் பிறகு ஹீரோ எங்கோ தூரத்து ரஷெமன் நாட்டில், ஒரு நிலத்தடிச் சமாதிக்குள் கண் விழிக்கிறான். நெஞ்சில் சின்ன வயதிலிருந்து புதைந்திருந்த வெள்ளித் துண்டை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குகிற கதை, சந்தேகமே இல்லாமல், ரோல்-பிளேயிங் கேம்களில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. அதன் முடிவோ கச்சிதம். எடுத்த முடிவுக்கு ஏற்ற கதி, புதிய தோழர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறைவு. ஒரே வருட இடைவெளியில், அதே கம்பெனி!

ஆனால் பழைய ஆட்கள்? அவர்களில் யார் பிழைத்தார், யார் செத்தார் என்பது போகிற வழியில், இன்னொருவர் வாயால், செய்தியாகத்தான் வருகிறது. பிஷப்பை, கடவுளை நம்பாதவர்களின் ஆன்மாக்களை வைத்துப் பூசுகிற ஒரு சுவரில் பார்க்க நேர்கிறது. அந்த ஒரு காட்சியின் கனமே, மற்றவர்களுக்கும் இப்படி ஒரு காட்சி இருந்திருந்தால் என்று ஏங்க வைக்கிறது. இன்னொன்று, அந்த விரிவாக்கத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2006-ல் முழு விலை கொடுத்தவர் ஒரு வருடம் பாறைக்கு அடியில் கிடந்தார். பிறகு இன்னொரு விலை கொடுத்துத்தான் வெளியே வந்தார்.

இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2025-ல் ஆஸ்பைர் நிறுவனம் மெருகேற்றி வெளியிட்ட பதிப்பில் விரிவாக்கங்களும் சேர்ந்தே வருகின்றன. எனவே விளையாடலாமா என்று கேட்டால், தாராளமாக. வெஸ்ட் ஹார்பர் திருவிழாவும், அந்த வழக்கும், கோட்டையும், ஷாண்ட்ராவும் எந்தக் காலத்திலும் பார்க்கத் தகுந்தவை. நிழல்களின் அரசன் விழுந்து கூரை ஆட ஆரம்பித்ததும், "இவ்வளவுதானா" என்று உட்கார்ந்துவிடாமல், நேராக மாஸ்க்கைத் தொடங்கிவிடுவது உத்தமம்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. இறுதிச் சண்டைக்குக் கிளம்புவதற்கு முன், கோட்டையில் இருக்கும்போதே, ஒவ்வொரு தோழரிடமும் ஒருமுறை பேசிவிட்டுப் போவது நல்லது. புதிதாக எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்களை நிம்மதியாகப் பார்க்கிற கடைசி இடம் அதுதான். விடைபெறுகிற காட்சியை கேம் எழுதி வைக்கவில்லை. வேண்டுமென்றால் விளையாடுபவர்தான் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும்.